வென்றபின் இரங்கிய வித்தகர் – காஞ்சியில் வாது புரிந்த அகளங்க தேவர்

காஞ்சி மாநகரைப் பட்டு நெய்யும் ஊர் என்றும் கோயில்கள் நிறைந்த ஊர் என்றும் இன்று உலகம் அறியும். வேகவதியாற்றின் கரையில் திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் ஆலயத்தை வணங்கி வாழும் நமக்கோ அது ஜினகாஞ்சியும் ஆகும். பண்டைநாளில் அந்நகர் இவை எல்லாவற்றினும் மேலாக ஒரு கல்வி நகராக விளங்கிற்று. கி.பி. 640ஐ ஒட்டி அங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளையும், அவற்றில் வாழ்ந்த பதினாயிரம் துறவியரையும், எண்பது தேவாலயங்களையும், திரளான நிர்க்கிரந்தரையும் கண்டதாகக் குறித்துச் சென்றார். நிர்க்கிரந்தர் என்பார் நம் முன்னோரே. நாளந்தாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக வீற்றிருந்த தருமபாலர் பிறந்த ஊரும் காஞ்சியே ஆகும்.

இத்தனை சமயத்தார் ஒரே நகரில் வாழ்ந்தால் வாதங்கள் எழாமல் இரா. வாதம் அறிவின் அளவில் நின்றால் அது கல்வி. பகையாக முற்றினால் அது ஹிம்சை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மெல்லிய கோட்டின்மீது நின்று, வெற்றியும் பெற்று, வென்றபின் தோற்றவரின் உயிரையும் காத்தவர் என நம் மரபு போற்றும் பெருந்தகை அகளங்க தேவர். அவருடைய வாழ்க்கையை, கல்லும் ஏடும் கூறியவாறே இக்கட்டுரையில் தொகுத்து நோக்குவோம். நம் இல்லத்துச் சிறுவர்க்கு அகளங்கர் கதையைச் சொல்லும் தாய்மார்களுக்கு இது பயன்படும் என்பது நம் எண்ணம்.

பிறப்பும் இளமையும்

அகளங்கர் கி.பி. எட்டாம் நூற்றாண்டினர். கி.பி. 720 முதல் 780 வரை அவர் வாழ்ந்தார் என்று ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் கொள்வர். அவருடைய பிறப்பைப் பற்றி மூன்று வரலாறுகள் உள்ளன. தத்துவார்த்த ராஜவார்த்திகம் என்னும் அவருடைய உரைநூலின் முதல் அத்தியாய இறுதியில் உள்ள ஒரு சுலோகம், அவரை லகுஹவ்வன் என்னும் அரசனின் மைந்தர் என்கிறது. பிரபாசந்திரரின் கதாகோசம், மானியகேட நகரத்துச் சுபதுங்க மன்னனின் அமைச்சர் புருஷோத்தமருக்கும் பத்மாவதிக்கும் பிறந்தவர் என்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவசந்திரர் கன்னடத்தில் எழுதிய ராஜாவளி கதையோ, காஞ்சியில் வாழ்ந்த ஜினதாசர், ஜினமதி என்னும் இருவரின் மகன் என்று கூறி அவரை நம் மண்ணுக்கே உரியவராக்குகிறது.

மூன்று நூல்களும் மூன்று ஊர்களுக்கு அவரை உரிமையாக்குவதைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. பெரியோர் ஒருவரை எல்லா ஊர்களும் தம்மவர் என்று கொண்டாடுவது இயல்பே. கன்னட நாடும் தமிழ்நாடும் அக்காலத்தில் ஒரே முனிவர் பரம்பரையால் இணைந்திருந்தன. சிரவணபெளகுளத்திலிருந்து காஞ்சிக்கும், காஞ்சியிலிருந்து சிரவணபெளகுளத்திற்கும் அறவோர் நடந்து சென்றவண்ணம் இருந்தனர்.

அகளங்கருக்கு நிஷ்களங்கர் என்றொரு தம்பி. களங்கமற்றவர் என்பதே இருவர் பெயருக்கும் பொருள். நந்தீசுவரப் பருவத்தின் எட்டு நாள்களில் பெற்றோர் பிரமசரிய விரதம் ஏற்றபோது, விளையாட்டுப்போல மக்களையும் ஏற்கச் செய்தனர். பின்னர் மணவினைப் பேச்சு எழுந்த காலத்தில், தாம் ஏற்ற விரதத்திற்கு எட்டு நாள் என்ற எல்லையை யாரும் சொல்லவில்லையே என்று மக்கள் இருவரும் மறுத்துவிட்டனர் என்று கதாகோசம் கூறும். சொல்லுக்கு உரிய பொருளை அணுவளவும் பிறழாமல் பற்றிக்கொள்ளும் அறிவு இளமையிலேயே அவரிடம் இருந்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அகளங்கர் ஒருமுறை கேட்டதை மறவாதவர். நிஷ்களங்கர் இருமுறை கேட்டால் மறவாதவர்.

தம்பியின் உயிர்க்கொடை

அக்காலத்தில் தருக்க நூலில் பௌத்தரே தலைசிறந்து நின்றனர். திங்நாகரும் தருமகீர்த்தியும் வகுத்த நெறியை அறியாமல் எவரும் அரசவையில் வாய்திறக்க இயலாது. ஆகவே உடன்பிறந்தார் இருவரும் தம் சமயத்தை மறைத்து ஒரு பௌத்தப் பள்ளியில் மாணாக்கராகச் சேர்ந்தனர். திருவத்தூருக்கு அருகில் இருந்த ஒரு பள்ளியில் அகளங்கர் பயின்றார் என்று தமிழ்நாட்டுச் செவிவழிச் செய்தி ஒன்றும் உண்டு.

ஒருநாள் ஆசிரியர் அனேகாந்தத்தை மறுக்கும் பகுதியைப் பாடம் சொல்லுகையில், ஏட்டில் இருந்த பிழையால் பொருள் விளங்காது இடையில் நிறுத்தினார். இரவில் ஒருவரும் அறியாமல் அகளங்கர் அந்த இடத்தைத் திருத்தி வைத்தார். காலையில் ஏட்டைக் கண்ட ஆசிரியர், ஜைன நூல் வல்லான் ஒருவன் மாணாக்கரிடையே இருப்பதை உணர்ந்தார். சோதனைகள் தொடர்ந்தன. ஜின பிம்பம் ஒன்றைத் தரையில் வைத்து அதனைக் கடந்து செல்லும்படி அனைவரும் ஏவப்பட்டனர். அகளங்கர் அப்பிம்பத்தின்மேல் ஒரு நூலிழையை இட்டுப் பின் கடந்தார். நூல் பட்டதனால் அது பற்றற்ற அருகன் திருவுருவம் அன்று என்று மனத்தில் கொண்டார். நள்ளிரவில் பெருத்த ஓசை எழுப்பப்பட்டபோதோ, உறக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்த இருவர் நாவிலும் பஞ்ச நமஸ்கார மந்திரமே எழுந்தது. அகப்பட்டனர்.

காவலிலிருந்து தப்பி ஓடிய அவர்களைக் குதிரை வீரர் தொடர்ந்தனர். தம்மினும் அண்ணனே அறத்திற்கு மிகவும் வேண்டப்படுபவர் என்று கருதிய தம்பி, அவரை ஒரு தாமரைக் குளத்தில் மறைந்திருக்குமாறு வேண்டித் தாம் மேலும் ஓடினார். குளத்தருகே துணி வெளுத்துக்கொண்டிருந்த ஒருவன், நிகழ்வது அறியாமல் அச்சத்தால் அவருடன் சேர்ந்து ஓடினான். வீரர்கள் அவ்விருவரையும் உடன்பிறந்தார் என எண்ணிக் கொன்றனர். தாமரை இலைகளின் நிழலில் மறைந்திருந்த அகளங்கர் மட்டும் எஞ்சினார்.

இந்நிகழ்ச்சியை நாம் விரைந்து கடந்துவிடலாகாது. பின்னர் நிகழ்வதன் பெருமை முழுவதும் இதனை அடியாகக் கொண்டது. தமக்காக உயிர்விட்ட தம்பியையும், தொடர்பே இல்லாமல் மாண்ட ஓர் எளிய தொழிலாளியையும் நெஞ்சில் சுமந்துகொண்டே அவர் எஞ்சிய வாழ்நாளை வாழ்ந்தார். பழிக்குப் பழி என்று எண்ணுவதற்கு அவரைவிடக் காரணம் மிக்கவர் யார்?

ஹிமசீதளன் அவை

துறவு ஏற்ற அகளங்கர் நாடெங்கும் வாது புரிந்து புகழ்பெற்றார். சாகசதுங்கன் என்னும் மன்னனின் அவைக்கு அவர் சென்றதைக் கல்வெட்டு குறிக்கிறது. அம்மன்னனை இராட்டிரகூடப் பேரரசை நிறுவிய தந்திதுர்க்கன் என்று அறிஞர் கொள்வர். தந்திதுர்க்கன் காஞ்சி வேந்தனையும் வென்றதாகக் கூறிக்கொண்டவன். ஆகவே அகளங்கர் காலத்தில் கன்னட நாட்டிற்கும் காஞ்சிக்கும் இடையே அரசியல் தொடர்பு நெருக்கமாக இருந்தது தெளிவு.

அவருடைய வாழ்வின் உச்சமாகக் கருதப்படுவது ஹிமசீதள மன்னன் அவையில் பௌத்தருடன் நிகழ்ந்த வாதம். கதாகோசம் அம்மன்னனைக் கலிங்க நாட்டில் வைக்கிறது. அவன் தேவி மதனசுந்தரி ஜினபக்தை. அவள் நடத்த விரும்பிய தேர்த்திருவிழாவைப் பௌத்த குரு சங்கசிரீ தடுத்து, தம்மை வாதில் வென்றபின் தேர் ஓடட்டும் என்றார். தமிழ்நாட்டு மரபும் ராஜாவளி கதையும் இந்த வாதம் காஞ்சியிலேயே நிகழ்ந்தது என்று கூறும். காஞ்சிக்குத் தெற்கே, முனிகிரி என வழங்கும் கரந்தையும் அதனை அடுத்த திருப்பணமூரும் அகளங்கரின் நினைவைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருவதை நம் வாசகர் நன்கறிவர்.

வாதம் முடிவின்றி நீண்டது. திரைக்குப் பின்னிருந்து எதிர்வாதம் வந்துகொண்டே இருந்தது. ஒரு குடத்தினுள் ஆவாகனம் செய்யப்பட்ட தாராதேவியே அவ்வாறு விடையளித்தாள் என்று நூல்கள் கூறும். அகளங்கரின் கனவில் சாசனதேவி தோன்றி, முன்சொன்ன விடையை மீண்டும் சொல்லும்படி கேட்குமாறு உணர்த்தினாள். அத்தேவி சக்கரேசுவரி என்று ஒரு நூலும், நம் ஊர்களில் தர்மதேவி என வணங்கப்படும் குஷ்மாண்டினி என்று மற்றொரு நூலும் உரைக்கும். மறுநாள் அவ்வாறே கேட்கவும் திரைக்குப் பின் மௌனமே நிலவிற்று. அகளங்கர் திரையை விலக்கிக் குடத்தைக் காலால் உடைத்தார். வாதம் முடிந்தது.

தெய்வச் செயல்களை நீக்கிப் பார்ப்பவர்க்கும் இக்கதையில் ஒரு கருத்து உண்டு. மனப்பாடம் செய்து ஒப்பித்த விடை, கேள்வியின் உருவம் மாறினால் நின்றுவிடும். உணர்ந்து கூறிய விடையோ எத்தனை முறை கேட்டாலும் நிற்காது. ஆசிரியப் பணியில் ஈடுபட்டோர் ஒவ்வொருவரும் வகுப்பறையில் காணும் உண்மை இது.

வென்றவர் வேண்டியது

வாதம் தொடங்குமுன் ஒரு கொடிய நிபந்தனை ஏற்கப்பட்டிருந்தது. தோற்ற சமயத்தார் செக்கிலிட்டு ஆட்டப்பட வேண்டும் என்பதே அது. எள்ளைப்போல மனித உடலை நசுக்கும் தண்டனை. வெற்றி முடிவானதும், மன்னன் சொன்ன சொல் தவறாதவனாகப் பௌத்தர்களைச் செக்கிலிடுமாறு ஆணையிட்டான்.

அப்போது அகளங்கர் எழுந்து அவர்களுக்காகப் பரிந்து பேசினார் என்று ராஜாவளி கதை கூறுகிறது. தம்பியைக் கொன்ற சமயத்தார் அவர்கள், நிபந்தனை அவர்கள் அறிந்தே ஏற்றது, அரசாணையோ பிறந்துவிட்டது. வாளாவிருந்தாலே போதும், பழி தீர்ந்துவிடும். தம் கையால் ஒரு துரும்பையும் அசைக்க வேண்டுவதில்லை. ஆனால் அகிம்சை என்பது நாம் கொல்லாதிருப்பது மட்டுமன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் ஹிம்சையை நீக்குவதே நம் ஆகமம் கூறும் நெறி. பிறர் செய்யும் கொலையைத் தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தும் தடுக்காமல் நிற்பது உடன்பாடே ஆகும். அகளங்கர் உடன்படவில்லை. அவர் வேண்டுகோளால் தண்டனை மாறி, பௌத்தர்கள் உயிருடன் நாடு கடந்து இலங்கைக் கண்டிக்குச் சென்றனர் என்று அவ்வரலாறு முடிகிறது.

நாடு கடத்தலும் ஒரு துன்பமே. பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தோர் படும் அல்லலை நம் காலத்திலும் கண்டுவிட்டோம். எனினும் செக்கிற்கும் கப்பலுக்கும் உள்ள வேற்றுமை, சாவிற்கும் வாழ்விற்கும் உள்ள வேற்றுமையன்றோ!

சான்றுகள் கூறுவன

இனி, இவ்வரலாற்றிற்குரிய சான்றுகளைக் காலமுறையில் நோக்குவோம். இவற்றுள் மிக முக்கியமானது சிரவணபெளகுளத்தில் சந்திரகிரிமீது, பார்சுவநாத பஸ்தியில் நிற்கும் கல்தூண். சல்லேகனை நோற்று வீடுபேற்று நெறியில் நின்ற மல்லிசேண மலதாரி தேவருக்காகக் கி.பி. 1129இல் நாட்டப்பட்ட அத்தூண், முனிவர் பரம்பரையைப் போற்றிச் செல்கையில் அகளங்கரையும் பாடுகிறது. தாரையின் குடமும், ஹிமசீதளன் அவையும், அங்குப் பெற்ற வெற்றியும் அதில் உள்ளன. சாகசதுங்கன் அவையில் தமக்கு நிகரான புலவர் இல்லை என்று அவர் சாற்றியதாகவும் ஒரு சுலோகம் உண்டு. அரசவையில் புலவர் அவ்வாறு முழங்குவது அக்கால வழக்கம். ஆனால் ஹிமசீதளன் அவை பற்றிய சுலோகம் வேறு தொனியில் அமைந்தது. செருக்கினால் வசப்பட்டோ பகைமையினாலோ தாம் வாது புரியவில்லை என்றும், ஆன்மா இல்லை என்ற கொள்கையால் மக்கள் கெடுகின்றனரே என்ற இரக்கத்தினாலேயே புரிந்ததாகவும் அவர் கூறியதாக அது அமைந்துள்ளது. செக்கு பற்றிய பேச்சே அத்தூணில் இல்லை. ஆனால் பகையின்மையும் கருணையும் கல்லில் உள்ளன.

அடுத்த சான்று பல நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்டது. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக விளங்கிய காலின் மெக்கன்சி, தென்னாடெங்கும் உதவியாளரை அனுப்பி ஊர் வரலாறுகளையும் சமய வரலாறுகளையும் எழுதி வாங்கினார். நம் சமயத்து அறிஞர்களும் அப்பணியில் துணைநின்றனர். அவர் 1821இல் மறைந்தபின், வில்சன் என்பார் 1828இல் அத்தொகுப்பிற்கு ஓர் அட்டவணை வெளியிட்டார். காஞ்சியில் அகளங்கர் பௌத்தரை வென்றதும், அவர்கள் கண்டிக்கு அனுப்பப்பட்டதும் அதில் இடம்பெற்றன. மெக்கன்சி தொகுத்த சுவடிகளில் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் காக்கப்படுகிறது. ராஜாவளி கதையும் ஏறத்தாழ அதே காலத்தது.

வரலாற்று ஆசிரியர் இவற்றைக் கூர்ந்து நோக்கிச் சில தடைகளை எழுப்புவர். அவற்றை நாம் மறைத்தல் நேர்மையன்று. எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட பல்லவருள் ஹிமசீதளன் என்ற பெயர் காணப்படவில்லை. இராசசிம்மனும் இரண்டாம் நந்திவர்மனுமே அக்காலத்துப் பெருவேந்தர். கண்டி நகரம் தோன்றியது பதினான்காம் நூற்றாண்டில். ஆகவே அப்பெயர் கதையில் பின்னர் புகுந்தது. பௌத்தர் அனைவரும் காஞ்சியை விட்டு நீங்கினர் என்பதும் பொருந்தாது. பீகாரில் குர்க்கிஹார் என்னும் இடத்தில் கிடைத்த செப்புத் திருமேனிகளில், காஞ்சியிலிருந்து சென்ற பௌத்த அடியாரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1365இல் சாவக நாட்டில் இயற்றப்பட்ட நாகரகிருதாகமம், காஞ்சியில் வாழ்ந்த புத்தாதித்தர் என்னும் பிக்குவைக் குறிக்கிறது. 1915இல் கோபிநாத ராவ், காமாட்சியம்மன் ஆலயத்தில் இருந்த புத்தர் உருவங்களைப் பற்றி எழுதினார்.

இவையெல்லாம் அகளங்கரின் பெருமையைக் குறைக்குமா? குறைக்கா என்பதே நம் துணிபு. கதைகளைக் காத்துவந்தோர் விரும்பியிருந்தால், பகைவர் செக்கில் மாண்டனர் என்றே முடித்திருக்கலாம். அவ்வாறு முடியும் கதைகள் நம் நாட்டில் இல்லாமலில்லை. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்னும் செய்தி, நம் குடும்பங்களின் நெஞ்சில் ஆறாத வடுவாக இருந்து வருகிறது. அதற்கும் நிகழ்ச்சி நடந்த காலத்துக் கல்வெட்டுச் சான்று இல்லை. பிற்காலத்துச் சமய நூல்களே அதனைக் கூறுகின்றன. ஒரு சமயம் தன் வெற்றியை எவ்வாறு நினைவுகூர்கிறது என்பதே அச்சமயத்தார்க்கு உரைகல். நம் முன்னோர் தம் பெருவெற்றியின் கதையை ஓர் உயிர்ப்பிச்சையில் முடித்தனர். பௌத்தர் தொடர்ந்து காஞ்சியில் வாழ்ந்தனர் என்னும் சான்றுகளும், அங்கே ஒரு சமயம் மற்றொன்றை அழித்துவிடவில்லை என்பதையே மெய்ப்பிக்கின்றன.

நூல்களில் விளங்கும் நெஞ்சம்

கதைகள் எவ்வாறாயினும், அகளங்கர் இயற்றிய நூல்கள் ஐயத்திற்கு இடமின்றி நம்மிடம் உள்ளன. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரத்திற்கு ராஜவார்த்திகம் என்னும் பேருரை, சமந்தபத்திரரின் ஆப்த மீமாம்சைக்கு அஷ்டசதி என்னும் உரை, லகீயஸ்திரயம், நியாயவினிச்சயம், பிரமாண சங்கிரகம், சித்திவினிச்சயம் ஆகியவை அவர் படைப்புகள். இவற்றுள் சில நெடுங்காலம் மறைந்திருந்தன. பண்டிதர் மகேந்திரகுமார் பதிப்பித்த அகளங்க கிரந்தத்திரயம் 1939இலும், சித்திவினிச்சயம் 1959இலும் வெளிவந்தன. மூல ஏடு கிடைக்காத சித்திவினிச்சயத்தை, அனந்தவீரியர் அதற்கு எழுதிய உரையிலிருந்து சொல் சொல்லாகப் பிரித்தெடுத்து மீட்டனர் என்பது ஏடு காத்தலின் அருமையை உணர்த்தும்.

அவருடைய வாதமுறைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பொருள் ஒவ்வொன்றும் பல தன்மையது என்னும் அனேகாந்தத்தைத் தருமகீர்த்தி ஒரு நகைச்சுவையால் மறுத்தார். எல்லாம் எல்லாமாக இருக்குமானால், தயிரை உண்ணச் சொன்னால் ஒருவன் ஒட்டகத்தை உண்ண ஓடமாட்டானா என்பது அவர் கேள்வி. அகளங்கர் பௌத்தருடைய ஜாதகக் கதையையே கொண்டு விடை கூறினார். புத்தர் முற்பிறவியில் மானாகப் பிறந்தார். ஆயினும் உலகத்தார் புத்தரை வணங்குகின்றனர், மானை உண்கின்றனர். தொடர்ந்து வரும் உயிர் ஒன்றாயினும் நிலைகள் வேறு என்பதனை நீங்களே ஒப்புகிறீர்களன்றோ என்பது அவ்விடையின் சாரம். எதிரியின் கொள்கையை விளங்கிக்கொள்ளாமல் மறுப்பவர் விதூஷகரே ஆவர் என்று சற்றுக் கடுமையாகவும் அவர் சாடினார். ஆயினும் எதிரியின் நூலை முழுதும் கற்று, அவர் ஒப்புக்கொண்டதிலிருந்தே விடை காண்பது அவர் நெறி. மாற்றாரைக் கேட்காமல் மறுப்பதும் ஒருவகை ஹிம்சையே என்பதனை அந்நெறி நமக்கு உணர்த்துகிறது.

அனேகாந்தத்தை விளக்கக் காஞ்சித் தறியே போதும். மயில்கழுத்து நிறம் என்று நெசவாளர் சொல்லும் துணியில் பாவு ஒரு நிறம், ஊடை மற்றொரு நிறம். ஒருபுறம் நின்று நோக்குவார்க்கு நீலமாகவும் மறுபுறம் நோக்குவார்க்குப் பச்சையாகவும் அது தோன்றும். நீலமே என்று வாதிடுபவரும் பச்சையே என்று வாதிடுபவரும் பொய் சொல்லவில்லை. ஏகாரத்தில்தான் இருவரும் பிழை செய்கின்றனர். பட்டுப்புழுவின் உயிரை எண்ணிப் பட்டை விலக்குவோர் நம்மிடையே பலர் உண்டு. எனவே பருத்தித் துணியிலேயே இதனைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

மற்றொன்றும் குறிக்கத்தக்கது. நினைவு என்பதைப் பிற தருக்க நூலார் பலர் அறிவுக்குரிய அளவையாக ஏற்பதில்லை. அகளங்கரோ நினைவு, மீட்டறிதல், தருக்கம், அனுமானம், ஆகமம் என்னும் ஐந்தையும் பரோட்ச அளவைகளாக நிலைநாட்டினார். மாணிக்கியநந்தி முதலிய பின்வந்தோர் அனைவரும் அவ்வழியே சென்றனர். நினைவை மெய்யறிவின் வாயிலாக ஏற்ற ஆசாரியரை நினைவாலேயே நாம் காத்துவருவது பொருத்தமன்றோ!

கல் சொல்லும் மற்றொரு சமாதானம்

அகளங்கர் காட்டிய இரக்கம் கதையில் மட்டும் வாழும் பொருளன்று. சமயங்களிடையே அமைதி செயலிலும் நிகழ்ந்தது என்பதற்குக் காஞ்சியைக் குறிப்பிடும் ஒரு கல்வெட்டே சான்றாகும். அது 1368இல் விஜயநகர வேந்தர் முதலாம் புக்கராயர் வெளியிட்டது, சிரவணபெளகுளத்தில் உள்ளது. ஆனெகொந்தி, ஹொசபட்டணம், பெனுகொண்டா முதலிய ஊர்களின் ஜைனர், வைணவரால் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை அரசரிடம் முறையிட்டனர். திருவரங்கம், திருமலை, பெருமாள்கோயில், திருநாராயணபுரம் ஆகிய தலங்களின் ஆசாரியர்கள் உள்ளிட்ட வைணவப் பெருமக்களை அரசர் வரவழைத்தார். பெருமாள்கோயில் என்பது நம் காஞ்சி வரதராசர் ஆலயமே.

அரசர் ஜைனரின் கையை எடுத்து வைணவரின் கையில் வைத்தார். இரு தரிசனங்களுக்கும் வேற்றுமை இல்லை என்றும், ஜைனர்க்குப் பஞ்ச மகாவாத்தியங்களும் கலசமும் முன்போல் உரியவை என்றும், ஜைனர்க்கு நேரும் குறையைத் தமக்கு நேர்ந்த குறையாகவே வைணவர் கருத வேண்டும் என்றும் விதித்தார். சொல்லோடு நில்லாமல் ஏற்பாடும் செய்யப்பட்டது. ஜைன இல்லம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு பணம் அளிக்கவும், திருமலைத் தாதய்யர் அதனைப் பெற்று, பெளகுளத்துப் பெருமானுக்கு இருபது காவலரை அமர்த்தி, எஞ்சிய பொருளால் சிதைந்த ஜினாலயங்களைச் செப்பனிடவும் முடிவாயிற்று. காக்கும் பொறுப்பு வைணவரிடமே ஒப்படைக்கப்பட்டது இதன் சிறப்பு. அச்சாசனம் இராமாநுசரை வணங்கித் தொடங்குகிறது.

அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில், 1387-88இல், விஜயநகரத் தண்டநாயகர் இருகப்பர் தம் குரு புஷ்பசேனரின் வாக்கின்படி திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு மண்டபம் எழுப்பினார். இன்று நாம் சங்கீத மண்டபம் என்று வழங்கும் அம்மண்டபத்தில் நிற்கும்போது, வாத்தியங்கள் ஒலிக்கும் உரிமையையும் எழுதிவைத்த அச்சாசனம் நம் நினைவிற்கு வரவேண்டும்.

நம் கடமை

கதையின் முடிவே குழந்தையின் நெஞ்சில் தங்கும் என்பது ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நாம் கற்ற பாடங்களுள் ஒன்று. அகளங்கர் கதையைச் சொல்லும்போது குடம் உடைந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுகின்றனர். சிறுவர் கைகொட்டி மகிழ்வர். ஆனால் அங்கு அவர்கள் கற்பது வெற்றிக் களிப்பு ஒன்றையே. நிஷ்களங்கர் ஓடிய வழியையும், உடன் மாண்ட அந்தத் தொழிலாளியையும், செக்கின் முன் நின்ற தோற்றவர்களையும், அவர்களுக்காக எழுந்து பேசிய அகளங்கரையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நிறைவுறும்.

பள்ளிகளிலும் தெருக்களிலும் சமயத்தின் பெயராலும் சாதியின் பெயராலும் பிள்ளைகள் பிரிந்து நிற்கும் செய்திகளைக் கேட்கும்போது, எண்ணிக்கையில் மிகச் சிறிய நம் சமூகம் என்ன செய்ய இயலும் என்று சிலர் வினவுகின்றனர். அகளங்கர் செய்ததைச் செய்யலாம். மாற்றார் நூலைக் கற்கலாம், கற்றபின் வாதிடலாம், வென்றபின் இரங்கலாம். தீங்கு நிகழும் இடத்தில் வாளாவிராமல் ஒரு சொல் சொல்லலாம். இதற்கு ஆட்பெருக்கம் வேண்டுவதில்லை.

அடுத்தமுறை காஞ்சி செல்வோர் திருப்பருத்திக்குன்றத்தை வணங்கியபின், பாலாற்றைக் கடந்து கரந்தைக்கும் திருப்பணமூருக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்வார்களாக. குந்துநாத பகவானின் சந்நிதியில் அமர்ந்து, அகளங்க தேவரின் வரலாற்றை முழுவதுமாக அவர்களுக்குக் கூறுவார்களாக.

அகளங்கர் திருவடி வாழ்க! அறம் வளர்க! அஹிம்சை ஓங்குக!